'எனக்கு இது வருமா?' – தன்மீதே எழும் சந்தேகம் பற்றிக் கேள்வி பதில்

கல்லூரி ஒன்றில் 18 ஆண்டுகளாக மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒன்றையேதான் சுற்றுகின்றன: என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

மேடம், டீம் லீடர் ஆக்கி மூன்று மாதம் ஆகிறது. ஏதோ அதிர்ஷ்டத்தில் கிடைத்த பதவி, என்றைக்காவது குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயம். இந்தக் குறை எனக்கு மட்டும்தானா?

இல்லைம்மா. அமெரிக்க உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் இருவரும் நன்றாகச் சாதித்த 150க்கும் மேற்பட்ட பெண்களிடம் இதே பயத்தைக் கண்டு 1978ல் எழுதினார்கள். 'இம்போஸ்டர்' (தகுதி இல்லாமல் வேஷம் போடுபவர்) என்று இன்று எல்லோரும் சொல்வது அங்கிருந்து வந்தது. இது நோய் இல்லை. ஆனால் தானாகவும் போகாது. ஏனென்றால், ராப்பகலாக உழைத்து ஜெயித்தால் 'உழைப்பால்தான் வந்தது, திறமையால் இல்லை' என்கிறோம். கடைசி நேரத்தில் செய்து ஜெயித்தால் 'அதிர்ஷ்டம்' என்கிறோம். எந்த வெற்றியும் நம் கணக்கில் ஏறுவதே இல்லை. வேலை முடிந்த அன்றே, அதில் நீங்கள் எடுத்த முடிவு எது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பாராட்டை எழுத வேண்டாம், முடிவை மட்டும்.

அக்கா, கணக்குப் பிரிவில் வேலை. ஒரு வவுச்சரை நாலைந்து தடவை பார்த்தாலும் திருப்தி வருவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அதே யோசனை. கவனம் போதவில்லையோ?

கவனம் கூடிப்போய்விட்டது தம்பி. வான் டென் ஹவுட், கிண்ட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2003ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பு. அதை அணைத்தோமா என்று சிலர் 20 தடவை சரிபார்த்தார்கள். கடைசியாகப் பார்த்தது அவர்களுக்குச் சரியாகவே நினைவிருந்தது. ஆனால் அந்த நினைவு மங்கலாகிவிட்டது, அதன்மேல் நம்பிக்கையும் குறைந்தது. அதாவது, சந்தேகத்தைத் தீர்க்க என்று நாம் செய்வதே சந்தேகத்துக்குத் தீனி. நாலாவது தடவை பார்க்கும்போது உங்கள் கண்ணில் படுவது வவுச்சர் இல்லை, முந்தைய மூன்று தடவையின் கலங்கல்.

ஒரே ஒரு முறை, நிதானமாக, தொகையின் பக்கத்தில் பேனாவால் டிக் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு திறக்காதீர்கள். முதல் சில நாள் மனம் படாதபாடு படுத்தும். அந்தத் தவிப்பைத் தணிக்க முயலாமல் விட்டால் அதுவே அடங்கும். தினமும் மணிக்கணக்கில் இதிலேயே போகிறது, கதவு, அடுப்பு என்று பரவுகிறது என்றால் அது எண்ணச் சுழற்சி நோயாக (ஓ.சி.டி.) இருக்கலாம். நல்ல சிகிச்சை உண்டு. 14416க்குப் போன் செய்தால், அரசின் இலவச மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். தயவுசெய்து வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

தன்னம்பிக்கை வந்த பிறகு இன்டர்வியூவுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். சரிதானே மேடம்?

சரியில்லை. நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டூரா 1977லேயே எழுதிவிட்டார். தானே செய்து பார்த்த அனுபவம்தான் முதல் ஊற்று. பிறர் சொல்லும் ஊக்கம் அதற்குப் பின்னால்தான். கரையில் நின்று நீச்சல் வராது. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றும் கம்பெனியில் முதல் இன்டர்வியூவைக் கொடுங்கள்.

என் மகளுக்குப் பதினான்கு வயது. சட்டை எடுப்பது முதல் கட்டுரை எழுதுவது வரை 'சரியாப்பா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உடனே 'சரிம்மா' என்று சொல்லாதீர்கள் ஐயா. 'உனக்கு என்ன தோணுது?' என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவள் சொல்வது உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அந்தச் சட்டையோடே வெளியே போகட்டும்.

உங்களுக்கு இப்படி வந்ததே இல்லையா?

வந்தது, இன்னும் வருகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு மாணவி இரண்டே சந்திப்போடு நின்றுவிட்டாள். 'இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை' என்று பல மாதம் தூக்கமில்லை. மூத்த ஆலோசகர் ஒருவர் கேட்டார்: "லாயக்கா இல்லையாங்கிறதை விடு. அன்னைக்கு என்ன செஞ்சே?" முதல் கேள்வியைத்தான் அதுவரை நான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன், அதற்குப் பதிலே கிடையாது. இரண்டாவதற்கு இருந்தது. அவள் பேசி முடிப்பதற்குள் நான் அறிவுரை சொல்ல ஆரம்பித்திருந்தேன். அடுத்து வந்த பெண்ணிடம் முதல் இருபது நிமிடம் நான் வாயே திறக்கவில்லை.