அமெரிக்காவில் திவால் மனு போட்டால் வேலை போய்விடுமா?

அந்த ஒரே காரணத்துக்காக உங்களை வேலையை விட்டு நீக்க முடியாது. திவால் சட்டத்தின் 525-ஆம் பிரிவு அரசு, தனியார் இரண்டையும் தடுக்கிறது. சம்பளத்தைக் குறைப்பதும் பதவி இறக்குவதும் இதே காரணத்துக்காக என்றால் தவறுதான்.

புது வேலை தேடுபவருக்குத்தான் சிக்கல். அரசு வேலையை மறுக்கக் கூடாது. தனியார் நிறுவனம் மறுத்தால் இந்தப் பிரிவு காப்பாற்றாது என்றே பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துள்ளன. உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது கடன் வரலாற்று அறிக்கையை, நிறுவனம் பார்க்க உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். அத்தியாயம் 7 மனு (விலக்கில்லாத சொத்து இருந்தால் விற்று, பெரும்பாலான கடன்களைத் தள்ளுபடி செய்யும் வகை) அதில் 10 ஆண்டுகள் வரை இருக்கும். பணம் கையாளும் வேலை என்றால் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

முதலாளிக்குத் தெரியுமா? அத்தியாயம் 7-இல் பொதுவாக யாரும் தகவல் அனுப்புவதில்லை. கடனைத் தவணையில் கட்டும் வகையான அத்தியாயம் 13-இல் அந்தத் தவணையைச் சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்லி உத்தரவு போகலாம். நேரடியாகக் கட்ட அனுமதி கிடைக்குமா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

ஏற்கெனவே கடனுக்காகச் சம்பளம் பிடிக்கப்படுகிறதா? மனு பதிவானதுமே சட்டப்படி அது நிற்க வேண்டும். ஆனால் சம்பளப் பிரிவுக்கு விஷயம் தெரியாமல் அடுத்த சம்பளத்திலும் பிடித்துவிடக்கூடும். வழக்கு எண்ணையும் பதிவுத் தேதியையும் அன்றே அவர்களுக்கும் கடன்காரரின் வக்கீலுக்கும் அனுப்புங்கள். முந்தைய 90 நாளில் ஒரே கடன்காரர் 600 டாலரோ அதற்கு மேலோ பிடித்திருந்தால் திரும்பப் பெற வழியுண்டு. ஆனால் பிள்ளைகளின் ஜீவனாம்சத்துக்கான பிடித்தம் நிற்காது.