கழுத்து ஊசியும் 40 சதவீதச் சான்றும்

கேள்வி: பைக்கில் போன என்னைப் பின்னாலிருந்து கார் மோதியது. ஒரு வருடமாகக் கழுத்து வலி. எம்ஆர்ஐயில் தேய்மானம் மட்டும்தான் தெரிகிறது. சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையில் பார்த்துக் கழுத்தில் ஊசி போட்டார்கள். அரை நாள் வலி இல்லை, பிறகு திரும்பிவிட்டது. கார்க்காரர் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. எம்சிஓபி (விபத்து இழப்பீட்டு வழக்கு) நடக்கிறது. இன்சூரன்ஸ் தரப்பு லோக் அதாலத்தில் மூன்று லட்சம் தரத் தயார். உறவினரோ, வேறு டாக்டரிடம் 40 சதவீத ஊனச் சான்று வாங்கலாம் என்கிறார்.

பதில்: கார்க்காரர் மன்னிப்பு கேட்காததற்குத் தீர்ப்பாயம் பணம் தராது, அதை விடுங்கள். இந்த வலி விபத்தால் வந்ததா, தேய்மானத்தால் வந்ததா? கேஸ் இதில்தான் நிற்கிறது. எந்த மூட்டு வலிக்கிறது என்பதை ஊசி காட்டும். எப்போதிலிருந்து வலிக்கிறது என்பதை அது காட்டாது. அதைக் காட்ட, முதன்முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன நாளின் ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகல்) ‘கழுத்து வலி’ என்று பதிவாகியிருக்க வேண்டும்.

அடுத்தது, என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். ஊசிக்குப் பிறகு டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வலி குறைந்தது’ என்று ஒரே வரி எழுதியிருப்பார்கள். குறுக்கு விசாரணையில் அதுவே ‘குணமாகிவிட்டது’ என்று ஆகிவிடும். உண்மையில் அந்த ஊசி, வலியின் மூலத்தைக் கண்டுபிடிக்க நரம்பை மரத்துப்போக வைக்கும் பரிசோதனை. அரை நாளில் வலி திரும்புவது இயல்பு. கழுத்தெலும்பில் எந்த மட்டத்தில் ஊசி, என்ன மருந்து, ஊசிக்கு முன்னும் பின்னும் வலி எவ்வளவு, எத்தனை மணி நேரம் நிவாரணம் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஒரே ஊசியின் முடிவு தவறாகவும் போகலாம் என்பதால், இன்னொரு நாள் வேறு மருந்தில் திரும்பச் செய்து பார்ப்பதுண்டு. அது டாக்டர் சொன்னால் மட்டும். கேஸுக்காகக் கழுத்தில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், தண்டுவடம் பக்கத்திலேயே இருக்கிறது.

40 சதவீதச் சான்று வேண்டவே வேண்டாம். சிகிச்சை பார்க்காத டாக்டர்கள் தாராளமாகத் தரும் சான்றுகளை எச்சரிக்கையோடு பார்க்கச் சொல்லி, ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே தீர்ப்பளித்துவிட்டது. ஊன சதவீதமும் வருமான இழப்பு சதவீதமும் ஒன்றல்ல என்பதும் அதே தீர்ப்புதான். அந்தச் சான்று உடைந்தால் உங்கள் உண்மையான வலியையும் நம்ப மாட்டார்கள்.

ஏ.ஆர். காப்பியில் கழுத்து இல்லையென்றால், சரி, மூன்று லட்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அது பதிவாகியிருந்து, ஊசி போட்ட டாக்டரும் சாட்சிக் கூண்டு ஏறுவார் என்றால் கூடுதலாகக் கேளுங்கள். ஆனால் கையெழுத்துப் போடுமுன், ரேடியோ அலையால் நரம்பைச் சுடும் சிகிச்சை தேவைப்படுமா, செலவு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். சுட்ட நரம்பு மறுபடி வளரும். சிலருக்குத் திரும்பவும் செய்ய வேண்டிவரும். லோக் அதாலத் தீர்வுக்கு அப்பீல் கிடையாது. பிறகு வரும் ஆஸ்பத்திரி பில்லுக்கு இன்சூரன்ஸிடம் போய் நிற்க முடியாது.