"கையில எண்ணெய் தடவிட்டு வந்தியா?"

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 33. ஈரோடு பக்கம். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. டேலியில் நாள் முழுக்க எண்களோடு இருந்தாலும் ஒரு பிழை வராது. வீட்டுக்கு வந்தால் டம்ளர் நழுவும், கதவு நிலையில் தோள் இடிக்கும். எங்கே இடித்துக்கொண்டேன் என்றே தெரியாமல் இடுப்பிலும் தொடையிலும் கன்றிப்போன தடங்கள் இருக்கும்.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். கையெழுத்து கோழிக் கிறுக்கல். த்ரோபாலில் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். புள்ளிக் கோலம் போட்டால் கோடு புள்ளியைச் சுற்றாமல் அதன் மேலேயே ஏறும். டூவீலர் லைசென்ஸுக்கு எட்டு போடும்போது இரண்டு முறை காலை ஊன்றிவிட்டேன். மூன்றாவது முறை போகவில்லை.

அக்கா மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் அதைப் பற்றிப் படிக்கப் போனேன். பாதி என்னைப் பற்றியே எழுதியதுபோல இருந்தது. போன வருடம் மனநல மருத்துவரும் எனக்கு ஆட்டிசம் இருப்பதை உறுதி செய்தார். பேச்சு, பழகும் விதம், சத்தம் தாங்காதது எல்லாம் கேட்டார். கை நழுவுவதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டில் கணவருக்கு மட்டும் தெரியும்.

போன மாதம் நாத்தனார் வளைகாப்பு. பந்தியில் பாயசம் ஊற்றப் போய் ஒரு பெரியம்மாவின் பட்டுப்புடவையில் கொட்டிவிட்டேன். மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். "கையில எண்ணெய் தடவிட்டு வந்தியா?" என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி வரும்போது இவரும், "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்ல" என்றார். அதுதான் வலித்தது. நான் கவனமாகத்தான் இருந்தேன் மேடம். இதற்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தம் உண்டா? இனிமேல் சரியாகுமா? வீட்டில் சொல்லலாமா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கவனமாகத்தான் இருந்தீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றவர்களுக்குக் கை தானாகச் செய்கிற வேலையை நீங்கள் ஒவ்வொரு முறையும் யோசித்துச் செய்கிறீர்கள்.

கண்ணை மூடிக்கொண்டாலும் சோற்று உருண்டை வாய்க்குச் சரியாகப் போய்ச் சேருகிறது அல்லவா? கை எங்கே இருக்கிறது என்ற சேதி தசையிலிருந்தும் மூட்டிலிருந்தும் மூளைக்கு ஓயாமல் போய்க்கொண்டிருப்பதுதான் காரணம். ஆட்டிசம் உள்ள பலருக்கு மூளை அந்தச் சேதியைக் கையாளும் விதம் வேறு. டம்ளரை எவ்வளவு இறுக்குவது, வாளியை எவ்வளவு சாய்ப்பது, நிலைக்கும் தோளுக்கும் எவ்வளவு இடைவெளி என்ற கணக்கெல்லாம் தப்பும். இதில் மண்டபத்து இரைச்சலும், பத்துப் பேர் பார்க்கிறார்களே என்ற பதற்றமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சம்பந்தம் பழையதுதான். 1944-இல் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் தாம் வியன்னாவில் பார்த்த சிறுவர்களைப் பற்றி எழுதியபோதே அவர்களுடைய தடுமாற்றமான உடலசைவையும் குறித்திருக்கிறார். ஆனாலும் ஆட்டிசத்தை உறுதிசெய்யும் அளவுகோலில் அது இல்லை. அதனால் பல மருத்துவர்கள் கேட்பதில்லை. இந்தத் தடுமாற்றத்தைப் பேச்சுவழக்கில் டிஸ்ப்ராக்சியா என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 2013 பதிப்பு வரும்வரை, ஆட்டிசம் இருப்பவருக்கு இதையும் சேர்த்துக் குறிக்க வழியில்லை. உங்கள் பள்ளிக்காலத்தில் யாரும் கண்டுபிடிக்காததில் என்ன ஆச்சரியம்?

முழுதாகப் போகாது. ஆனால் குறிப்பிட்ட ஒரு வேலையை எடுத்துப் பழகினால் அது கைவசப்படும். பொதுவாகக் கை சீராகட்டும் என்று பந்து பிடித்துப் பழகுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பெரியவர்களையும் பார்ப்பாரா என்று முதலில் போனில் கேட்டுக்கொண்டு போங்கள். "எனக்குக் காய் நறுக்க வரவேண்டும்" என்று ஒன்றை மட்டும் சொல்லுங்கள். எந்த இடத்தில் தப்புகிறது என்று அவர் பார்த்து, அந்த இடத்துக்கு ஒரு வழி யோசிப்பார். அப்புறம், இந்தத் தடுமாற்றம் சமீபத்தில் திடீரென்று கூடியிருந்தால் முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அது வேறு விஷயம்.

அதுவரை பொருளை மாற்றுங்கள். நறுக்கும் பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டால் நகராது. கயிறு இழுக்கும் சாப்பர் வாங்கினால் யாரும் குறைத்து மதிப்பிடப் போவதில்லை. டம்ளருக்குப் பதில் கைப்பிடி வைத்த கப். விசேஷத்துக்குப் புடவை மடிப்பை முந்தின நாளே எடுத்துப் பின் குத்தி வைத்துவிடுங்கள். லைசென்ஸ் உங்களுக்கே வேண்டுமென்றால், விடியற்காலையில் காலி மைதானத்தில் மாதக்கணக்கில் பழகிவிட்டுப் போங்கள். ஊருக்காக என்றால் வேண்டாம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது!

கணவரிடம் இதையும் சொல்லிவிடுங்கள். அவருக்கு ஆட்டிசம் தெரியும், இந்தப் பாதி தெரியாது. அன்று அவர் சொன்னது வலித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அத்தையிடம் மருத்துவப் பெயர் எதுவும் வேண்டாம். "எனக்கு வாளி பிடிபடாது அத்தை, மொய்க் கணக்கு நான் பார்க்கறேன்" என்று அடுத்த விசேஷத்தில் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். எழுத வேறொருவரை வைத்துக்கொள்ளலாம். கூட்டலில் உங்களை யார் மிஞ்சுவார்?

அந்தப் பட்டுப்புடவைப் பெரியம்மாவிடம் நான்காவது முறை மன்னிப்புக் கேட்க வேண்டாம்.