தீப்பற்றும் சரக்கைக் கப்பலில் அனுப்ப என்னென்ன தாள்கள்? கேள்வி பதில்

ஆபத்தான சரக்குகளின் டிக்ளரேஷன்களைச் சரிபார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. பெயிண்ட், தின்னர், ஆல்கஹால், பெர்ஃப்யூம் என்று மூன்றாம் வகுப்புத் திரவங்களை, அதாவது தீப்பற்றும் திரவங்களைப் பற்றி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பதில்கள் ஐஎம்டிஜி கோடுப்படி, அதாவது ஆபத்தான சரக்கைக் கடலில் அனுப்புவதற்கான சர்வதேச விதித்தொகுப்பின்படி. அந்தக் கோடு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருத்தப்படும். 42-24 திருத்தம் 2026 ஜனவரி 1 முதல் கட்டாயம். மேஜையில் பழைய பதிப்பு இருந்தால் முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: முதல் முறையாகப் பெயிண்ட் அனுப்புகிறோம். லைன்காரர்கள் (கப்பல் நிறுவனம்) டிஜி, அதாவது டேஞ்சரஸ் கூட்ஸ் தாள்கள் கேட்கிறார்கள். மொத்தம் எத்தனை?

பதில்: நீங்கள் தயார்செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, டேஞ்சரஸ் கூட்ஸ் டிக்ளரேஷன். சரக்கு என்ன, எவ்வளவு, எதில் அடைக்கப்பட்டிருக்கிறது என்று ஷிப்பர், அதாவது சரக்கை அனுப்புபவர், கையெழுத்துப் போட்டுத் தருவது. இன்னொன்று கன்டெய்னர் பேக்கிங் சான்றிதழ். அதைத் தருவது சரக்கை உள்ளே ஏற்றியவர். இரண்டையும் ஒரே படிவத்தில் போடலாம். கோடில் ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது, ஆனால் அதையேதான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. கேட்கும் விவரங்கள் எல்லாம் இருந்தால் சரி. டேங்க் கன்டெய்னர் என்றால் பேக்கிங் சான்றிதழ் தேவைப்படாது.

கேள்வி: விவரங்களை இந்த வரிசையில்தான் எழுத வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லாத் தகவலும் தாளில் இருக்கும்போது வரிசை மாறினால் என்ன?

பதில்: திருப்பி அனுப்பியது சரிதான். யூஎன் எண் (ஆபத்தான பொருளை அடையாளம் காட்டும் நான்கு இலக்க எண்), பிராப்பர் ஷிப்பிங் நேம் (கோடின் பட்டியலில் உள்ள பெயர்), வகுப்பு, துணை ஆபத்து இருந்தால் அடைப்புக்குறிக்குள் அது, பிறகு பேக்கிங் குரூப் (பிஜி; ஆபத்தின் அளவு, 1 என்றால் அதிகம், 3 என்றால் குறைவு). இந்த ஐந்தும் இதே வரிசையில், நடுவில் வேறு எதுவும் நுழையாமல் வர வேண்டும். மெத்தனால் என்றால் இப்படி:

யூஎன் 1230, மெத்தனால், 3 (6.1), பிஜி II, (12° செ. சி.சி.)

பேக்கிங் குரூப்பை ரோமன் எண்ணில் போடுங்கள். கடைசியில் இருப்பது ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது திரவத்தின் ஆவி தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை; சி.சி. என்றால் க்ளோஸ்டு கப், மூடிய கிண்ணத்தில் வைத்து அளந்தது. இந்த ஒரு வரியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 3 என்றால் தீப்பற்றும் திரவம். அடைப்புக்குள் 6.1 என்றால் விஷமும்கூட. நடுக்கடலில் இரவு இரண்டு மணிக்குக் கன்டெய்னரிலிருந்து புகை வருகிறது. கப்பலில் இருக்கும் அதிகாரி உங்கள் சரக்கைப் பார்த்ததே இல்லை. அவர் கையில் இருப்பது இந்த வரி மட்டும்தான். அந்த 6.1 விடுபட்டுப்போனால், வெறும் பெட்ரோல் மாதிரி நினைத்துக்கொண்டு ஆட்களை அனுப்பிவிடுவார். எந்தக் கப்பலில் எந்த மொழிக்காரர் இருந்தாலும் கண் ஒரே இடத்துக்குப் போக வேண்டும், வரிசை அதற்காகத்தான்.

கேள்வி: ஃபிளாஷ் பாயிண்ட் கட்டாயமா? பேக்கிங் குரூப் போட்டாலே தெரிந்துவிடாதா?

பதில்: 60 டிகிரி அல்லது அதற்குக் கீழே என்றால் கடல் வழிக்குக் கட்டாயம். க்ளோஸ்டு கப் முறையில் எடுத்த அளவு, செல்சியஸில். பேக்கிங் குரூப் ஒரு பெரிய கூடை மாதிரி. கொதிநிலை 35 டிகிரிக்கு மேலிருந்து ஃபிளாஷ் பாயிண்ட் 23க்குக் கீழே என்றால் குரூப் 2. 23 முதல் 60 வரை குரூப் 3. கொதிநிலையே 35 அல்லது அதற்குக் கீழே என்றால் குரூப் 1. ஃபிளாஷ் பாயிண்ட் 24ம் 58ம் ஒரே குரூப்தான், ஆனால் வெயில் ஏறிய கன்டெய்னருக்குள் இரண்டும் ஒன்றா? 24 டிகிரிச் சரக்கு கசிந்தால் அந்தச் சூட்டிலேயே பற்றக்கூடிய ஆவி இருக்கும்.

ஒரு முறை என் மேஜைக்கு வந்த டிக்ளரேஷனில் தின்னர், பேக்கிங் குரூப் 2, ஃபிளாஷ் பாயிண்ட் 28 டிகிரி என்று இருந்தது. இரண்டும் சேர்ந்து இருக்கவே முடியாது. எஸ்டிஎஸ்ஸை, அதாவது அந்தப் பொருளின் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் மைனஸ் 4. பழைய ஷிப்மென்டின் ஃபைலைத் திறந்து பெயரையும் குரூப்பையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். 28 என்பது போன மாதம் போன வேறொரு பெயிண்டின் அளவு. அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு எண்களும் ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான். நீங்களும் கையெழுத்துப் போடும் முன் பாருங்கள், பத்து நொடி வேலை.

கேள்வி: எஸ்டிஎஸ் இணைத்திருக்கிறேனே, போதாதா?

பதில்: போதாது. அது டிக்ளரேஷனுக்கு மாற்று கிடையாது. எழுதுவதற்கு உதவும்: 9ஆம் பிரிவில் ஃபிளாஷ் பாயிண்ட், 14ஆம் பிரிவில் போக்குவரத்து விவரம். ஆனால் 9ஆம் பிரிவில் ஓபன் கப் அளவு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பொதுவாக அது க்ளோஸ்டு கப்பைவிடக் கூடுதலாகக் காட்டும்.

கேள்வி: எங்கள் க்ளீனருக்கு ஒரு பிராண்டு பெயர் உண்டு. அதையே எழுதலாமா?

பதில்: ஷிப்பிங் நேம் இருக்கும் இடத்தில் கூடாது. பட்டியலில் தனிப் பெயர் இல்லாத கலவை என்றால் பெரும்பாலும் யூஎன் 1993, ஃபிளேமபிள் லிக்விட், என்.ஓ.எஸ். அதோடு ஆபத்துக்கு முக்கியக் காரணமான ரசாயனத்தின் பெயரை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். இரண்டு பெயர்களுக்கு மேல் பொதுவாகத் தேவையில்லை. அப்புறம், கடல் மாசு. கப்பலின் அடிப்பகுதிக்கு அடிக்கும் ஆன்டிஃபவுலிங் பெயிண்டில் குப்ரஸ் ஆக்ஸைடு இருந்தால், அந்தப் பெயரும் 'மெரைன் பொல்யூட்டன்ட்' என்ற சொற்களும் சேர வேண்டும். இதை மறக்கிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: சின்னச் சின்னப் பாட்டில்தான், லிமிடெட் குவான்டிட்டி (சிறு பேக்குகளுக்கான சலுகை முறை). லாரியில் போகும்போது யாரும் தாள் கேட்கவில்லை.

பதில்: கப்பலில் கேட்பார்கள். முழு விவரத்தோடு டிக்ளரேஷன் வேண்டும், 'லிமிடெட் குவான்டிட்டி' என்ற சொற்களும் அதில் இருக்க வேண்டும்.

கேள்வி: டொலுயின் வந்த டிரம்களைக் காலியாகத் திருப்பி அனுப்புகிறோம். காலி டிரம்முக்கும் டிக்ளரேஷனா?

பதில்: கழுவி ஆவி போக்கவில்லை என்றால் ஆமாம். யூஎன் 1294, டொலுயின் என்ற விவரத்துடன் 'எம்ப்டி அன்க்ளீன்ட்' என்று சேருங்கள். அடியில் தங்கிய அரை டம்ளர் டொலுயினே டிரம் முழுக்க ஆவியாக நிற்கும். தீப்பொறி பட்டால் நிறைந்த டிரம்மைவிட இது மோசம்.

கேள்வி: பேக்கேஜ் இடத்தில் '1ஏ1 x 40' என்று போட்டேன். ஏற்க மறுக்கிறார்கள்.

பதில்: குறியீடு மட்டும் போதாது. '40 ஸ்டீல் டிரம் (1ஏ1)' என்று எழுதி, மொத்த அளவையும் லிட்டரிலோ கிலோவிலோ போடுங்கள்.

கேள்வி: கன்டெய்னரை ஃபார்வர்டரின் (சரக்கு அனுப்பும் ஏஜென்ட்) கிடங்கில் ஏற்றுகிறார்கள். பேக்கிங் சான்றிதழில் நானே கையெழுத்துப் போட்டுவிடட்டுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். கன்டெய்னர் சுத்தமாக, காய்ந்து இருந்தது, பேக்கேஜ்களில் கசிவோ சேதமோ இல்லை, டிரம்கள் நிமிர்ந்து நின்றன, அசையாமல் கட்டினோம், சேரக்கூடாத சரக்குகளைச் சேர்த்து வைக்கவில்லை என்று ஒருவர் பொறுப்பேற்கும் தாள் அது. கண்ணால் பார்த்தவர்தான் போட வேண்டும். கன்டெய்னர் எண்ணும் அதில் இருக்க வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவுக்குப் போகும் சரக்குக்குத் தனியாக ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. 24 மணி நேரமும் ஆள் எடுக்கும் அவசரத் தொலைபேசி எண் தாளில் வேண்டும். எடுப்பவருக்கு அந்தச் சரக்கைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்தவரை உடனே பிடிக்க முடிய வேண்டும். மெஷினில் குரலைப் பதிவுசெய்துவிட்டுப் போகும் எண் செல்லாது. ஐஎம்டிஜியில் டிக்ளரேஷனின் நகலைக் குறைந்தது மூன்று மாதம் வைத்திருந்தால் போதும். அமெரிக்க விதிப்படி ஷிப்பர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: டிக்ளரேஷன் கொடுத்தாகிவிட்டது. ஏற்றும்போது இரண்டு டிரம்மில் கசிவு இருந்ததால் எடுத்துவிட்டு 38தான் ஏற்றினோம். குறைந்ததுதானே, விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். கப்பலில் இருக்கும் டிஜி மேனிஃபெஸ்ட் (ஆபத்தான சரக்குகளின் பட்டியல்) உங்கள் தாளிலிருந்துதான் தயாராகிறது. 40 என்று எழுதி 38 மட்டும் உள்ளே இருந்தால், விபத்து நேரத்தில் அந்த இரண்டு டிரம் எங்கே உருண்டது என்று ஒருவர் புகைக்குள் தேடுவார். திருத்திய டிக்ளரேஷனில் புதிய எண்ணிக்கை, புதிய மொத்த அளவு, தேதி, கையெழுத்து எல்லாம் போட்டு இன்றே லைனுக்கு அனுப்புங்கள். பேக்கிங் சான்றிதழில் எண்ணிக்கை இருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். எடுத்து வைத்த இரண்டு டிரம்மிலிருந்து மற்றவற்றின் மேல் ஏதாவது கொட்டியிருக்கிறதா என்று, கதவைச் சீல் வைக்கும் முன் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.