ஹென்றி மெக்நீல் டர்னர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றத்திலிருந்து ஏன் வெளியேற்றப்பட்டார்?

ஒரே காரணம், அவர் கறுப்பினத்தவர். 1834-இல் தென் கரோலினாவில் பிறந்த டர்னர் மதபோதகர். உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றின் மதகுருவாக இருந்தவர். 1868-இல் மேக்கன் நகர்ப் பகுதியிலிருந்து உறுப்பினரானார். சில மாதங்களிலேயே வெள்ளையின உறுப்பினர்கள், ‘கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை உண்டு, பதவி வகிக்கும் உரிமை இல்லை’ என்று வாதாடி அவரையும் மற்ற கறுப்பின உறுப்பினர்களையும் வெளியேற்றினார்கள். எவ்வளவு அப்பட்டமான அநியாயம்!

செப்டம்பர் 3 அன்று டர்னர் அவையிலேயே எழுந்து, என் உரிமைக்காக யாரிடமும் குனிந்து கெஞ்ச மாட்டேன் என்று முழங்கினார். அந்தப் பேச்சை அவசியம் தேடிப் படியுங்கள்.

அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்ட பிறகு, 1870-இல் பதவி திரும்பக் கிடைத்தது. அப்புறம் 1880-இல் பேராயரானார். அமெரிக்காவில் நீதி கிடைக்காது என்று நம்பிக்கை இழந்து, கறுப்பின மக்கள் ஆப்பிரிக்காவில் குடியேற வேண்டும் என்று வலியுறுத்தினார். 1915-இல் கனடாவில் இறந்தார்.