சாக்கடை கலக்கிற இடத்தில் ஆக்சிஜன் கூடுதலா? மீட்டரைத் திட்டாதீங்க

தாமிரபரணியில் கரைஞ்ச ஆக்சிஜனை அளந்தப்ப, பாபநாசத்தில் லிட்டருக்கு 7.5 மி.கி., நெல்லைக்குக் கீழே சாக்கடை கலக்கிற இடத்தில் 11 மி.கி. வருது, மீட்டர் கெட்டுப்போச்சான்னு கேட்டிருக்கீங்க. கெடலை. பாபநாசத்தில் காலையிலும் நெல்லையில் மதியம் மூணு மணிக்கும் எடுத்ததா நீங்களே எழுதியிருக்கீங்க, அங்கதான் விஷயம்.

30 டிகிரி தண்ணீர் காற்றிலிருந்து இழுத்து வச்சுக்கிற ஆக்சிஜன் சுமார் 7.5 மி.கி.தான். அதுக்கு மேல இருக்கிறது பாசி வெயிலில் விட்டது. சாக்கடையோட நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதுக்கு உரம். ராத்திரியில் அதே பாசியும் பாக்டீரியாவும் ஆக்சிஜனை உறிஞ்சிடும். விடியறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்து பாருங்க, நிஜ நிலவரம் அப்பதான் தெரியும். (தூக்கம் போகும், வழியில்லை.)

மீட்டர் மேல இன்னும் சந்தேகம்னா விங்க்ளர் முறையில் (கரைஞ்ச ஆக்சிஜனை ரசாயனத்தால் அளக்கிற முறை) ஒரு பாட்டில் எடுங்க. குமிழி நுழையாம நிரப்பி, கரையிலேயே மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விடுங்க. வீழ்படிவு பழுப்பா வந்தா ஆக்சிஜன் இருக்கு, வெள்ளையா நின்னா இல்லை.

கல்லையும் புரட்டிப் பாருங்க. வால் இழையோட மேஃபிளைங்கிற பூச்சியோட இளவுயிரிகள் வகைவகையா ஒட்டியிருந்தா நல்ல தண்ணீர். சேற்றில் ரத்தச் சிவப்புப் புழு மட்டும் நெளிஞ்சா கெட்ட தண்ணீர்; அதுக்கு ஹீமோகுளோபின் இருக்கு, ஆக்சிஜன் குறைஞ்சாலும் தாங்கும். உங்க கைடுகிட்ட அதைப் படம் பிடிச்சுக் காட்டுங்க.