ஃபேன் பெல்ட்ட எவ்ளோ டைட் வைக்கணும்? சென்னை வண்டிக்காரங்க கேள்விக்கு பதில்

இன்ஜின் முன்னாடி ஓடுற பெல்ட்ட பத்தி கேளுங்கன்னு சொன்னதுக்கு நிறைய வந்திருக்கு. ஆல்டர்நேட்டர் (பேட்டரிய சார்ஜ் பண்றது), ஏசி கம்ப்ரஸர், வாட்டர் பம்ப், பவர் ஸ்டியரிங் இதயெல்லாம் சுத்துற பெல்ட் மட்டும்தான் இங்க, டைமிங் பெல்ட் கேட்டவங்க மன்னிக்கணும், அது வேற வேலை.

ஆதம்பாக்கம், பழைய மாருதி 800: அண்ணே, காலைல ஸ்டார்ட் பண்ணதும் கீச்சுனு கத்தும், ரெண்டு நிமிஷத்துல அடங்கிடும். மெக்கானிக் ராடு விட்டு நெம்பி டைட் வச்சாரு, கீச்சு போச்சு, இப்ப உர்ர்ருனு வேற சத்தம் வருது.

அளவு தாண்டி இழுத்துட்டாருன்னுதான் தோணுது. ஸ்டார்ட் ஆனதும் செல்ஃப் அடிச்ச சார்ஜ திருப்பி ஏத்த ஆல்டர்நேட்டர் கஷ்டப்பட்டு சுத்தும், பெல்ட் லூஸா இருந்தா அந்த நேரத்துல வழுக்கி கத்தும், அதனால டைட் வச்சது தப்பில்ல, எவ்ளோ வச்சாருங்கறதுதான் பிரச்சன. நம்ம ஊர்ல பாதி கடைல சத்தம் நின்னா வேல முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க. ஓவர் டைட்டுல பெல்ட்டும் சீக்கிரம் போகும், கூடவே அடி வாங்குறது வாட்டர் பம்ப் பேரிங்கும் ஆல்டர்நேட்டர் பேரிங்கும். 800ல வாட்டர் பம்பும் அதே பெல்ட்லதான் ஓடுது, பம்ப் போச்சுன்னா கத்திப்பாரா மேல ஹீட் ஆகி நிப்பீங்க.

இப்படி செக் பண்ணுங்க. இன்ஜின் ஆறி இருக்கணும், சாவி கைல இருக்கணும். ரெண்டு புல்லிக்கு நடுவுல பெல்ட் எங்க நீளமா போகுதோ அங்க மேல ஒரு நேர் ஸ்கேல் வச்சுட்டு, நடுவுல அழுத்தி எவ்ளோ இறங்குதுன்னு பாருங்க. வி பெல்ட்டுக்கு (வெட்டி பாத்தா V மாதிரி இருக்கற பெல்ட்) பொதுவா சொல்ற கணக்கு 10 கிலோ அழுத்துனா 10 எம்எம் கிட்ட இறங்கணும், ஆனா வண்டிக்கு வண்டி, ஸ்பான் (ரெண்டு புல்லிக்கு நடுவுல உள்ள பெல்ட்) நீளத்துக்கு நீளம் மாறும், உங்க மேனுவல்ல இருக்கற நம்பர்தான் கடைசி. 10 கிலோன்னா கட்டைவிரலுக்கு எப்படி தெரியும்னு கேப்பீங்க, ஏர்போர்ட் போறப்ப பெட்டி தூக்கி வெயிட் பாக்குற கொக்கி தராசு இருக்குல்ல, அத பெல்ட்ல மாட்டி இழுங்க, சரியா வரும். அளவு சரி பண்ணியும் உறுமுனா பெல்ட்ட கழட்டிட்டு ஒவ்வொரு புல்லியா கைல சுத்தி பாருங்க, கரகரன்னு இருக்கறதுதான் போன பேரிங்.

அதே ஆளு மறுபடி: நானே டைட் வைக்கலாமா?

தாராளமா. ஆல்டர்நேட்டருக்கு கீழ இருக்கற பிவட் போல்ட்டயும் (அத அச்சா வச்சுதான் ஆல்டர்நேட்டர் நகரும்) மேல ஸ்லாட்ல இருக்கற போல்ட்டயும் ரெண்டயுமே லூஸ் பண்ணணும், கீழ உள்ளத விட்டுட்டு நெம்பறவங்கதான் பிராக்கெட்ட ஒடைக்கிறாங்க. ஆல்டர்நேட்டரோட அலுமினிய பாடில ராட முட்டு குடுக்காதீங்க, விரிசல் விடும். போல்ட் டைட் பண்றப்பவே டென்ஷன் கொஞ்சம் மாறும், அதனால முடிச்சுட்டு மறுபடி அளந்துருங்க. அப்புறம் வேட்டி, லுங்கி, துப்பட்டா எதுவும் தொங்கக்கூடாது, சில வண்டில இன்ஜின் ஆஃப் பண்ணப்புறமும் ரேடியேட்டர் ஃபேன் தானா ஓடும்.

அம்பத்தூர்: புது பெல்ட் போட்டா கூடுதலா டைட் வைக்கணும்னு சொல்றாங்களே, உண்மையா சார்?

உண்மை. மேனுவல்லயே புதுசுக்கு ஒரு அளவு, ஓடுனதுக்கு ஒரு அளவுன்னு ரெண்டு இருக்கும், கொஞ்ச நேரம் ஓடுனாலே புல்லி பள்ளத்துல உக்காந்து லூஸ் ஆகும். போட்டதும் ஓட்டி பாத்து ஒரு தடவ, சில நூறு கிலோமீட்டர் கழிச்சு இன்னொரு தடவ அளக்கணும். இந்த ரெண்டாவது தடவைக்குத்தான் யாருமே வர்றதில்ல.

வேளச்சேரி: நவம்பர்ல தெருவுல தண்ணி நின்னுச்சு ப்ரோ, அதுல ஓட்டிட்டு வந்ததுலேர்ந்து சத்தம். டைட் வைக்கணுமா?

முதல்ல டைட்ட தொடாதீங்க. பெல்ட் நீளத்துக்கு ஓடுற வரிக்கு நடுவுல இருக்கற பள்ளத்துல சேறு, மணல் இருக்கும், நல்ல தண்ணில கழுவி நைலான் பிரஷ் போட்டு தேய்ச்சு காய விடுங்க. அப்புறமும் சத்தம் வந்தா ஒரு டெஸ்ட் இருக்கு: இன்ஜின் ஐடில்ல ஓடறப்ப தள்ளி நின்னு பெல்ட்டோட வரி பக்கம் கொஞ்சம் தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க. சத்தம் அடங்கி கொஞ்ச நேரத்துல திரும்ப வந்தா புல்லி ஏதோ ஒண்ணு நேர்கோட்டுல இல்ல, இத எவ்ளோ டைட் வச்சாலும் தீராது. தண்ணி பட்டதும் சத்தம் அதிகமாச்சுன்னா வழுக்குது, டென்ஷன் பத்தல. வெள்ளத்துல ஓடுன வண்டின்னா ஐட்லர் (பெல்ட்டுக்கு வழி காட்டுற சும்மா சுத்துற புல்லி), டென்ஷனர் (பெல்ட்ட இழுத்து பிடிக்கறது) பேரிங்குல தண்ணி போயிருக்கவும் வாய்ப்பு இருக்கு, அதயும் சுத்தி பாத்துருங்க.

பெரம்பூர்: சோப்பு, மெழுகுவத்தி தேய்ச்சா சத்தம் போயிடும்னு எங்க மாமா சொல்றாரு. கடைல பெல்ட் ஸ்ப்ரே கூட விக்குது.

மாமாவுக்கு வணக்கம் சொல்லிட்டு தேய்க்காம விட்டுருங்க. சத்தம் கொஞ்ச நாள் போகும், புழுதி ஒட்டும், அப்புறம் பெல்ட்டே மாத்தணும்.

ஓஎம்ஆர், கால் டாக்ஸி ஓட்டுறவர்: என் வண்டில ஆட்டோமேட்டிக் டென்ஷனர். ஏசி போட்டா கத்துது, பேட்டரி லைட் லேசா மினுக்குது. டைட் வைக்க 500 ரூபா கேக்கறாங்க அண்ணே.

அதுல டைட் வைக்க எதுவுமே இல்லண்ணே, ஸ்பிரிங்தான் டைட் வச்சுக்கும், அந்த 500 ரூபாய குடுத்துறாதீங்க. டென்ஷனர் கைல ஒரு முள்ளும் பக்கத்துல ரெண்டு கோடும் பல வண்டில இருக்கும், முள்ளு கோட்டுக்கு வெளிய போயிருந்தா ஒண்ணு பெல்ட் நீண்டு போயிருக்கு, இல்ல ஸ்பிரிங் தளந்துருக்கு. ஐடில்ல அந்த கை படபடன்னு ஆடுச்சுன்னா டென்ஷனர் முடிஞ்சுது. ஆல்டர்நேட்டர்ல ஒரு பக்கம் ஃப்ரீயா சுத்துற புல்லி இருந்தா அது ஜாம் ஆயிருக்கான்னும் பாக்க சொல்லுங்க, அது ஜாம் ஆனா புது டென்ஷனரயும் சாப்பிட்டுரும். இன்ஜின் ஓடறப்ப பேட்டரில மீட்டர் வச்சா பொதுவா 13.8லேர்ந்து 14.4 வோல்ட் காட்டணும், ஏசி போட்டு கத்தறப்ப அது கீழ இறங்குச்சுன்னா பெல்ட் வழுக்கறது உறுதி. மே மாசம் வர்றதுக்குள்ள பண்ணிருங்க.

ராயப்பேட்டை: பெல்ட்ல ஒரு விரிசல் கூட இல்ல, ஆனா மாத்தணும்ங்கறாங்க. ஏமாத்தறாங்களா?

ஏமாத்தறாங்கன்னு சொல்ல முடியாது. இப்ப வர்ற ஈபிடிஎம் ரப்பர் பெல்ட் பழைய பெல்ட் மாதிரி சீக்கிரம் வெடிக்காது, டயர் மாதிரி தேயும், பள்ளம் அகலமாகி புல்லிக்குள்ள ஆழமா இறங்கிடும், அப்புறம் டென்ஷன் சரியா இருந்தாலும் வழுக்கும். பக்கத்துலயே வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கற ஜிபி ரோடு இருக்கு, வண்டி பேர சொல்லி கேக்காம பெல்ட் முதுகுல இருக்கற நம்பர சொல்லி கேளுங்க. 6 பிகே 1200ன்னு இருந்தா ஆறு வரி, 1200 எம்எம் நீளம். 10 எம்எம் கம்மியா இருக்கு, இழுத்தா ஏறிடும்னு சொன்னா அடுத்த கடைக்கு போங்க.

தாம்பரம்: போன் ஆப்ல பெல்ட்ட தட்டி டென்ஷன் பாக்கலாமாமே?

பாக்கலாம், ஆனா கம்பெனி அந்த வண்டிக்கு ஹெர்ட்ஸ்ல (தட்டுனா பெல்ட் ஒரு செகண்டுக்கு எத்தன தடவ அதிருதுங்கற கணக்கு) அளவு குடுத்திருந்தா மட்டும். எந்த ஸ்பான்ல தட்டணும்னும் சொல்லிருப்பாங்க, அங்கதான் தட்டணும், இடம் மாறுனா நம்பரும் மாறிடும். சுத்தி இரைச்சல் இல்லாத நேரமா பாருங்க, ஜிஎஸ்டி ரோடு ஓரத்துல நின்னு தட்டுனா லாரி ஹார்ன தான் அளப்பீங்க.